வடிவத்தைப் பார்த்துப் படம் எடுக்கப் பழகுவது எப்படி: மாமல்லபுரத்தில் ஒரு நாள்

போன வருடம் மாமல்லபுரம் போய் ஒரே நாளில் 412 படம் எடுத்து வந்தேன். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தேறியது மூன்று. அதிலும் ஒன்று கை தவறிப் பட்டு விழுந்த படம். மற்றவை மங்கலாகவும் இல்லை, வெளிச்சக் குறையும் இல்லை. கோயில் இருந்தது, கடல் இருந்தது, கூட வந்த அத்தை இருந்தார். ஆனாலும் காட்டியவர்கள் எல்லாரும் விரலால் தள்ளிக்கொண்டே போனார்கள்.

அதற்கு முன்பே 3,500 ரூபாய் கட்டி ஒரு வார இறுதிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். இரண்டு நாளும் எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதே பேச்சு. கடைசியில் விஷயத்தைப் புரியவைத்தவர் எங்கள் தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன். என் படம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி நீட்டினார்.

“தம்பி, கோயிலை மறந்துருங்க. இப்ப என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியலண்ணே. கறுப்பா ஒரு திட்டு, ரெண்டு கம்பி.”

“அதான். நீங்க கோயிலை எடுத்தீங்க. பாக்கறவன் கண்ணுக்குத் திட்டுதான் போய்ச் சேருது.”

கண்ணுக்கு முதலில் எட்டுவது வடிவம். இது கோயில், அது யானை என்று பெயர் வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம். வடிவம் குழம்பியிருந்தால் பெயர் வைக்கும் வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். இதைப் பழகிக்கொள்ள எனக்கு நான்கு பயணம் ஆயிற்று. உங்களுக்கு ஒன்றே போதும் என்பதற்காக இதை எழுதுகிறேன். விலை உயர்ந்த கேமரா தேவையில்லை, நான் எல்லாவற்றையும் ஃபோனில்தான் எடுத்தேன்.

மாமல்லபுரத்தைச் சொல்லக் காரணம் உண்டு. முக்கோணம், வட்டம், செவ்வகம், வளைவு, சாய்கோடு எல்லாம் நடக்கும் தூரத்தில் கல்லாகவே நிற்கின்றன, நாம் நகர்ந்து நகர்ந்து பழக அவை அசையாமல் இருக்கின்றன. இன்னொன்று, வழிபாடு நடக்கும் கோயில்களுக்குள் செல்ஃபோன் கொண்டுபோகக் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இங்கே தொல்லியல் துறையின் சின்னங்களில் அந்தச் சிக்கல் இல்லை.

1. சீட்டு, அடையாள அட்டை, செலவு

இந்தியருக்கு நுழைவுச் சீட்டு 40 ரூபாய், இணையத்தில் எடுத்தால் 35. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சீட்டு வேண்டாம். இது நான் போனபோது இருந்த கட்டணம், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் அன்றைக்கு ஒரே சீட்டுதான். காலையில் வாங்கியதைக் கசக்கி எறிந்துவிட்டு மாலையில் மறுபடி 40 ரூபாய் கொடுத்தவன் நான்.

வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவர் என்பதால், இந்தியருக்குரிய கட்டணமே. ஓசிஐ எனும் வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். அசல் அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். கவுண்டரில் நின்று வாய்வார்த்தையாகச் சொல்லிப் பயனில்லை.

சாதாரணமாகப் படம் எடுக்கத் தனிக் கட்டணம் கிடையாது, வீடியோ கேமராவுக்கு 25 ரூபாய். முக்காலி ஸ்டாண்டும் விளக்கும் கொண்டுபோவதென்றால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். இந்தப் பயிற்சிக்கு இரண்டுமே வேண்டாம், ட்ரோனும் வேண்டாம். கையில் ஃபோன், பையில் பவர் பேங்க், லென்ஸைத் துடைக்க ஒரு பழைய பருத்தித் துணி. கடற்காற்றில் உப்புப் படிந்து படம் புகைபிடித்த மாதிரி ஆகிவிடும், அரை மணிக்கு ஒருமுறை துடையுங்கள்.

வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 6 மணிக்கு மூடும். சென்னையிலிருந்து 60 கிலோமீட்டர் அளவு. ஆறு மணிக்கு வாசலில் நிற்பதென்றால் பேருந்தை நம்பிக் கிளம்பாதீர்கள், சொந்த வண்டி இருக்க வேண்டும் அல்லது முந்தைய இரவே போய்த் தங்க வேண்டும். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். கூட்டத்தில் வடிவத்தைத் தேடுவது திருவிழாவில் குண்டூசி தேடுகிற கதை.

2. ஃபோனில் செய்யவேண்டிய மாற்றங்கள்

முதல் நாள் இரவே செய்துவிடுங்கள். கேமரா செட்டிங்ஸில் கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள். எதை எங்கே வைப்பது என்பதைவிட, ஃபோன் நேராக இருக்கிறதா என்று பார்க்கவே அது உதவும். அப்புறம் ஃபில்டரில் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நிறம் போனால் வடிவம் தானாக மேலே வரும். சிவப்புச் சேலை, நீலப் பிளாஸ்டிக் வாளி என்று கண் ஓடாது.

மூன்றாவது, 0.5 என்று காட்டும் அகல லென்ஸை அன்றைக்கு மறந்துவிடுங்கள். புதிதாக ஃபோன் வாங்கிய எல்லாரும் விழுகிற குழி அது. எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போடும், ஓரத்தில் இருப்பதை இழுத்து நீட்டும், நேரான சுவரும் சாய்ந்து நிற்கும். கோபுரம் போன்ற உயரமானதை எடுக்கப் பத்தடி பின்னால் போய் 1 அல்லது 2 எக்ஸில், ஃபோனை வானத்தைப் பார்த்துச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்து எடுங்கள். சாய்த்தால் கோபுரம் மல்லாந்துவிழப் போவது மாதிரி இருக்கும்.

3. காலை 6 மணி: கடற்கரைக் கோயிலில் முக்கோணம்

இங்கே உயரம் ஒன்று, உயரம் குறைந்தது ஒன்று என்று இரண்டு விமானங்கள், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரங்கள். இரண்டும் மேலே போகப் போகக் குறுகுகிற முக்கோணங்கள். கடல் கிழக்கே, நாம் உள்ளே வரும் வழி மேற்கே. அதனால் காலையில் கோயிலுக்குப் பின்னால்தான் வெளிச்சம். சிலையின் முகம் தெரியவில்லையே என்று புலம்ப வேண்டாம், நமக்கு வேண்டியது அதுதான். திரையில் பிரகாசமான வானத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். விரலைக் கீழே இழுத்துக் குறையுங்கள். கோயில் முழுக் கறுப்பாகிவிடும், சிற்ப வேலைப்பாடு ஒன்றும் தெரியாது, விளிம்பு மட்டும் நிற்கும்.

இப்போது ஒரு தவறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். நடைபாதையில் நேர் மேற்கே நின்று ஒரு படம். சிறிய விமானம் பெரியதன் முன்னால் ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து ஒரே கரும்பிண்டமாகத் தெரியும். என் 412 படத்தில் குறைந்தது இருபது இந்த ரகம்தான். அப்படியே வலப்பக்கமாகத் தெற்கு நோக்கி நடங்கள். சில அடிகளில் இரண்டு முனையும் மெல்லப் பிரியும். இன்னும் நடந்தால் இரண்டுக்கும் நடுவே வானம் ஆங்கில ‘வி’ வடிவில் இறங்கி வரும். அந்த வானத் துண்டும் ஒரு முக்கோணம்தான், தலைகீழாக நிற்கிறது. கல் முக்கோணம் தரையில் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது, வான முக்கோணம் ஒற்றைக் காலில் ஆடுகிறது. படத்துக்கு உயிர் வருவது அந்த இடைவெளியில்தான்.

இதிலிருந்து ஒரு விதி எடுத்துக்கொண்டேன்: இரண்டு வடிவங்கள் இருந்தால் ஒன்று நன்றாக மேலே ஏறி மறைக்க வேண்டும், இல்லையென்றால் நன்றாக விலகி நிற்க வேண்டும். நுனி நுனியைத் தொட்டும் தொடாமலும் நிற்பதுதான் மோசம். பார்க்கிறவர் கண் அந்த ஒட்டிலேயே சிக்கிக்கொள்ளும். கலசத்தின் நுனி படத்தின் மேல் ஓரத்தைத் தொடுவதும் இதே கோளாறுதான். விரற்கடை அளவாவது வானம் விடுங்கள்.

நேரம் பற்றி ஒரு குறிப்பு. ஜனவரியில் சூரியன் ஆறரை மணிக்குத்தான் எழும்பும், வாசல் திறந்து உள்ளே போய் நிற்க அவகாசம் இருக்கும். ஜூனில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் வந்துவிடும், நீங்கள் போய்ச் சேரும்போது வானம் வெளுத்திருக்கும். அதோடு தை மாதத்தில் சூரியன் தென்கிழக்கிலும், ஆனியில் வடகிழக்கிலும் சாய்ந்து எழும். சூரிய வட்டம் கோயிலுக்குப் பின்னால் வரவேண்டும் என்றால் அதற்கேற்ப நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மழைக்கால மேகத்தை நம்பிப் போய் இரண்டு தடவை வெறுங்கையோடு வந்தேன், பொங்கல் முடிந்த பிறகு போவது நல்லது.

கிளம்பும் முன் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நந்திகளையும் பாருங்கள். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் இடம். வரிசையை மட்டும் எடுத்தால் அலுப்புத் தட்டும். ஏதாவது ஒரு நந்தியின் தலையில் காக்கை வந்து உட்காரும் வரை நிற்கலாம். வரும், கடற்கரைக் காக்கைகளுக்கு வேறு வேலை இல்லை.

4. காலை 9 மணிக்கு மேல்: அர்ச்சுனன் தபசு

முழுப் பாறையையும் ஒரே படத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள். நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள், முன்னால் கம்பித் தடுப்பு வேறு. கிழக்கு பார்த்த பாறை என்பதால் அதிகாலையில் வெயில் நேராக அடித்துச் சிற்பம் தட்டையாகத் தெரியும். ஒன்பது, ஒன்பதரைக்கு வெயில் மேலேறிச் சாய்ந்து விழும்போதுதான் புடைப்புக்கு நிழல் கிடைக்கும்.

இங்கே ஒரே ஒரு வேலை. நடுவில் பிளவு, அதற்கு இடப்பக்கம் ஒற்றைக் காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசி. எலும்பும் தோலுமாக, நெட்டுக்குத்தாக ஒரு கோடு. அடுத்து வலப்பக்கம் யானையின் கால்மாட்டில் தேடுங்கள், பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தூக்கி அதே தவத்தைச் செய்யும் பூனை ஒன்று இருக்கும். சிற்பி ஒரே வடிவத்தைப் பெரிதாக ஒருமுறை, குறும்பாக ஒருமுறை செதுக்கி வைத்திருக்கிறான். இரண்டையும் தனித்தனியாக, அதே அளவில் கட்டம் கட்டி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வடிவம் எப்படிப் பேசுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

5. வெண்ணெய் உருண்டை: வட்டமும் சரிவும்

தபசுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில், சரிவில் நிற்கும் பெரிய உருண்டைப் பாறை இது. எல்லாரும் உருண்டையைக் கையால் தாங்குவது மாதிரி படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஆசையைத் தீர்த்துவிட்டால்தான் வேலை ஓடும்.

இந்தப் பாறை அழகாக இருப்பது வட்டமாக இருப்பதால் மட்டும் இல்லை, சரிவில் உட்கார்ந்திருப்பதால். வட்டம் சமதரையில் இருந்தால் தூங்கும், சாய்கோட்டின் மேல் இருந்தால் ‘இதோ உருளப் போகிறது’ என்று வயிற்றைக் கலக்கும். அதனால் சரிவு சரிவாகவே தெரிய வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். கை தன்னையறியாமல் பாறையின் சாய்வுக்கு ஏற்ப ஃபோனைச் சாய்த்துவிடுகிறது, படத்தில் பாறை சமதரையில் சாதுவாக உட்கார்ந்துவிடுகிறது. கிரிட் கோட்டைத் தூரத்து மரங்களுக்கோ கட்டடங்களுக்கோ இணையாக வைத்துப் பிடியுங்கள்.

சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் நல்ல வட்டம், பின்பக்கம் போனால் ஒரு பாகம் உடைந்து அரை உருண்டையாகத் தெரியும். ஒரே பொருளுக்கு இரண்டு வடிவம். நிற்கும் இடத்தைப் பொறுத்தது. நிழலில் ஆடுகள் படுத்திருந்தால் விடாதீர்கள். எவ்வளவு பெரிய கல் என்று வார்த்தையில் சொல்லத் தேவையே இராது.

6. நடுப்பகல்: தலைகீழ்ப் பரீட்சை

பதினொன்றிலிருந்து மூன்றரை வரை படம் எடுக்காதீர்கள். உச்சி வெயிலில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும், வடிவம் எல்லாம் வெளிறிப்போகும். சாப்பிட்டுவிட்டு நிழலில் உட்காருங்கள். ஃபோனில் சுழற்சியைப் பூட்டிவிட்டு, அதைத் தலைகீழாகப் பிடித்துக் காலைப் படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் எத்தனை வடிவம் என்று விரல்விட்டு எண்ணுங்கள். மூன்றுக்குள் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஏழெட்டு என்றால் அந்தப் படம் சந்தைக்கடை. எண்ணவே முடியவில்லை என்றால் அழித்துவிடுங்கள், இரக்கம் வேண்டாம்.

நம் வீட்டுப் பெண்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள். என் அம்மா கோலம் போட்டு முடித்ததும் நான்கடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். புள்ளியும் இழையும் மறைந்து மொத்த உருவம் மட்டும் தெரியும், எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்பது பிடிபட்டுவிடும். படத்துக்கும் அதையே செய்யுங்கள்: கண்ணைச் சுருக்குங்கள்.

7. மாலை 4 மணி: ஐந்து ரதம்

அதிக நேரம் ஒதுக்கவேண்டிய இடம் இது. ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். வரிசையாக நிற்கும் நான்கு ரதங்களும் மேற்கு பார்த்தவை, மாலை வெயில் நேராக முகத்தில் விழும். காலையில் வந்தால் முகப்பு இருட்டாக இருக்கும். இது தெரியாமல் முதல் தடவை நான் இங்கே காலையிலும் கடற்கரைக் கோயிலுக்கு மாலையிலும் போனேன். அன்றைய 412-இன் ரகசியம் பாதி அதுதான்.

வடக்கு முனையில் திரௌபதி ரதம், கூரை வேய்ந்த குடிசை அப்படியே கல்லானது போல. அடுத்து அர்ச்சுன ரதம், சின்ன முக்கோணம். பீம ரதம் நீளச் செவ்வகம், மேலே மாட்டு வண்டிக் கூண்டு மாதிரி வளைந்த கூரை. தெற்கு முனையில் தர்மராஜ ரதம், பெரிய முக்கோணம். நான்கையும் சேர்த்து எடுக்காதவர் கிடையாது. எடுங்கள், ஆனால் தெற்கு முனையிலோ வடக்கு முனையிலோ நின்று வரிசை தேயும்படி எடுக்காமல், மேற்கே நன்றாகப் பின்னால் போய் நேருக்கு நேராக எடுங்கள். கூரைகளின் மேல்விளிம்பு குட்டை, சற்று உயரம், நீளம், நெட்டை என்று மலைத்தொடர் போல ஏறி இறங்கும். அந்த விளிம்புக்கோடுதான் படம். கீழே ஆட்கள் நடமாடினால் பரவாயில்லை, கோட்டை மறைக்காமல் இருந்தால் சரி.

இனி இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்த இடம். வரிசையிலிருந்து விலகி நிற்கும் நகுல சகாதேவ ரதத்துக்குப் பின்பக்கம் அரைவட்டம். இந்த அமைப்புக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்று பெயர், படுத்துறங்கும் யானையின் முதுகு போல என்று. பக்கத்திலேயே முழுக்கல்லில் யானை ஒன்று நிற்கிறது. இரண்டும் தெற்கு நோக்கியவை. அதனால் வடக்கே, நாம் உள்ளே வரும் வாசல் பக்கம் நின்றால், யானையின் பின்புறமும் கட்டடத்தின் பின்புறமும் ஒரே நேரத்தில் தெரியும். ஒரே வளைவு, ஒன்று விலங்கு, ஒன்று வீடு. நான் முதல் மூன்று பயணத்திலும் யானையை முகத்துக்கு நேரே போய் எடுத்துக்கொண்டிருந்தேன். தும்பிக்கையும் காதும் வந்தன, வளைவு வரவில்லை. நான்காம் முறை சீட்டைப் பையில் திணித்துக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது.

எடுக்கும்போது குந்தி உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் யானை முதுகு பின்னாலிருக்கும் மணலோடும் கல்லோடும் கலந்துவிடும். உட்கார்ந்தால் முதுகின் வளைவுக்குப் பின்னே வானம் வந்து விளிம்பு தெளியும். யானைக்கும் கட்டடத்துக்கும் இடையில் ஒரு கீற்று வானம் தெரிகிற மாதிரி இடம்வலமாக நகர்ந்து பாருங்கள். எனக்கு அந்தக் கீற்றைப் பிடிக்கப் பத்து நிமிடமும் பதினான்கு படமும் ஆயின.

8. ஆள் வரும் வரை காத்திருப்பது

வடிவம் சரியாக அமைந்துவிட்டால் அங்கேயே நில்லுங்கள். ஆளைத் துரத்தக் கூடாது. கட்டத்தைக் கட்டிவிட்டுக் காத்திருந்தால் யாராவது உள்ளே நடந்து வருவார்கள். மனிதரும் ஒரு வடிவம்தான், தலை ஒரு புள்ளி, கை கால் கோடுகள். பக்கவாட்டில் நடப்பவரை, இரண்டு காலும் ஆங்கில ‘ஏ’ போல விரிந்திருக்கும் நொடியில் எடுங்கள். கால்கள் சேர்ந்திருக்கும் நொடியில் எடுத்தால் கம்பம் நட்டது மாதிரி இருக்கும். மூன்று பேர் நின்றால் மூன்று தலையையும் கோட்டால் இணைத்துப் பாருங்கள், முக்கோணம் கிடைத்தால் நல்லது. ஒரே மட்டத்தில் நின்றால் ஒருவர் உட்காரும் வரை பொறுக்கலாம்.

தெரியாதவர் முகம் அடையாளம் தெரியும்படி வந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். கறுப்பு உருவமாக மட்டும் என்றால் இந்தச் சங்கடம் குறைவு. குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் வேண்டாம்.

9. வீட்டுக்கு வந்தபின்

அன்று இரவே திறக்காதீர்கள், களைப்பில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். மறுநாள் பார்த்து ஐந்து படம் மட்டும் பொறுக்குங்கள். 6x4 அளவில் பிரிண்ட் போட எங்கள் பக்கம் ஒன்றுக்கு 15 ரூபாய், மொத்தம் 75. மேலே டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் வெளிக்கோட்டை மட்டும் வரையுங்கள், உள் விவரம் எதுவும் வேண்டாம். படத்தை எடுத்துவிட்டு தாளை மட்டும் பாருங்கள். கோடுகளே தனியாகப் பார்க்க நன்றாக இருந்தால் படம் தேறியது. ஓரத்தில் அரையும் குறையுமாகக் கிளை, கம்பி, யாருடைய முழங்கையோ வந்திருந்தால் இந்தத் தாளில் காட்டிக்கொடுத்துவிடும். வெட்டி எடுங்கள். சதுரமாக வெட்டினால் வட்டம் கம்பீரமாக உட்காரும். ரதங்களின் வரிசைக்குச் சதுரம் ஒத்துவராது, நீளமாகவே விடுங்கள்.

ஸ்டூடியோ அண்ணனிடம் நான்காம் பயணத்தின் யானைப் படத்தைக் கொடுத்தேன். வழக்கம்போலத் தலைகீழாகத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ரெண்டு கிண்ணம் கவுத்து வச்ச மாதிரி இருக்கு தம்பி.”

“தலைகீழா பாத்தா கவுத்த மாதிரி எப்படிண்ணே இருக்கும்? நிமித்தி வச்ச மாதிரில்ல இருக்கணும்?”

படத்தை நேராகத் திருப்பி மறுபடி பார்த்துவிட்டு, பிரிண்டுக்கு 15 ரூபாயை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.